தப்பிவிடுவான் என்று தலைப்பே சொல்லிவிட்டது, பிறகு எதற்குப் பார்க்க வேண்டும்?

மார்ச் 2, காலை

வாசகர் ஒருவர் எழுதியது, வந்தபடியே:

"எல்லாரும் மேதை என்கிறார்களே என்று ரொபேர் பிரெஸ்ஸோனின் 'எ மேன் எஸ்கேப்ட்' பார்க்க உட்கார்ந்தேன். ஒரு கைதி கரண்டியால் கதவைச் சுரண்டுகிறான். சுரண்டிக்கொண்டே இருக்கிறான். முகத்தில் ஓர் உணர்ச்சியும் இல்லை. செய்வதையெல்லாம் பின்னணிக் குரலில் வேறு சொல்கிறான். கடைசியில் தப்பிவிடுவான் என்பது தலைப்பிலேயே இருக்கிறது. பாதியில் தூங்கிவிட்டேன். மெதுவாக எடுத்துவிட்டால் கலைப்படம் ஆகிவிடுமா?"

ஆகாது. மெதுவாக எடுக்கப்பட்ட குப்பைகளை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன், விருது வாங்கியவை உட்பட. ஆனால் பிரெஞ்சு இயக்குநர் பிரெஸ்ஸோனின் இந்தப் படத்தை அந்தக் கூட்டத்தில் சேர்க்க விடமாட்டேன். மாலையில் எழுதுகிறேன், வேலைக்கு நேரமாகிவிட்டது.

மார்ச் 2, இரவு

முதல் காட்சியை மட்டும் மறுபடி பாருங்கள். சில நிமிடங்கள்தான்.

இரண்டாம் உலகப் போர்க் காலம், ஜெர்மானியர் பிடியில் இருக்கும் பிரான்ஸ். ஓடும் கார். பின் இருக்கையில் மூன்று பேர். ஓரத்தில் இருப்பவன் ஃபோன்தேன், நம் ஆள். அவன் கை மெல்ல நகர்ந்து கதவின் பிடியைத் தொட்டுப் பார்க்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு விலங்கு மாட்டியிருக்கிறார்கள், இவனுக்கு இல்லை. முன்னால் எதுவோ குறுக்கே வருகிறது, கார் வேகம் குறைகிறது. கை தயாராகிறது. கார் மீண்டும் வேகம் எடுக்கிறது. கை பின்வாங்குகிறது. இப்படி ஒருமுறை ஏமாந்து, மறுமுறை ஒரு டிராம் குறுக்கிட்டு கார் நிற்கும்போது கதவைத் திறந்து குதித்துவிடுகிறான்.

அவன் குதித்ததும் கேமரா என்ன செய்கிறது? உலகத்தில் வேறு எந்த இயக்குநராக இருந்தாலும் கூடவே குதித்திருப்பார். பிரெஸ்ஸோன் காருக்குள்ளேயே இருந்துவிடுகிறார். காலி இருக்கை. விலங்கு மாட்டிய பக்கத்து ஆள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார். வெளியே ஓடும் சத்தம், துப்பாக்கிச் சத்தம். கொஞ்ச நேரத்தில் அவனைப் பிடித்துக் கொண்டுவந்து அதே இடத்தில் திணிக்கிறார்கள்.

இதில் எது மெதுவாக இருக்கிறது? ஒரு துரத்தல், ஒரு துப்பாக்கிச் சூடு, ஒரு கைது எல்லாம் நடந்து முடிந்துவிட்டன. நம் கண்ணுக்குக் காட்டப்படவில்லை, அவ்வளவுதான். கண்ணுக்குக் காட்டாததால் "ஒன்றும் நடக்கவில்லை" என்று நினைத்துவிடுகிறோம். நம் காது அந்த நேரத்தில் சும்மா இருந்திருக்கிறது.

மார்ச் 3

"கோதார், த்ருஃபோ போன்ற புதிய அலைக்காரர்களின் படம் இப்படித்தான்" என்று ஒருவர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். இல்லை. இது 1956ஆம் ஆண்டுப் படம். புதிய அலை என்பது ஐம்பதுகளின் கடைசியில் பிரான்சில் இளம் இயக்குநர்கள் கிளப்பிய இயக்கம், இது அதற்கு முன்பே வந்தது. பிரெஸ்ஸோன் 1901இல் பிறந்தவர், அவர்களுக்கெல்லாம் தகப்பன் வயது. முதல் முழுநீளப் படம் 1943இல், கடைசிப் படம் 1983இல், நாற்பது ஆண்டில் பதின்மூன்றே படங்கள். அவர்கள் இவரைக் கொண்டாடினார்கள் என்பது சரி. ஆனால் கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடுகிற ரகத்துக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை.

மார்ச் 5

ஒலியைப் பற்றி.

அப்பா மருத்துவமனையில் இருந்தபோது இரவுகளில் வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறேன். முதல் இரவு எல்லாச் சத்தமும் ஒரே இரைச்சல். நாள் போகப்போகக் காது தனித்தனியாகப் பிரிக்கத் தொடங்கிவிட்டது. இது ஊசி மருந்து வருகிற தள்ளுவண்டி, ஒரு சக்கரம் கிறீச்சிடும். இது டீ கேன். இது இரவுப் பணி நர்ஸின் செருப்பு. இது மருத்துவர், ஷூ போட்ட கால், வேகமாக வந்தால் எங்கோ யாருக்கோ கெட்ட செய்தி. கண்ணை மூடிக்கொண்டே அந்தக் கட்டடம் முழுவதையும் சொல்லிவிடுவேன். அறைக்குள் போக அனுமதி இல்லாதவனுக்கு வேறு வழியில்லை.

ஃபோன்தேனுக்கும் வேறு வழியில்லை. அவன் ஒரு சிறிய அறைக்குள் இருக்கிறான். அவனுக்குத் தெரிவது அந்த நான்கு சுவரும் ஒரு ஜன்னலும். மற்றதெல்லாம் காது வழியாக வருகிறது. காவலர் சாவியை மாடிப்படியின் கம்பிகளில் உரசிக்கொண்டே வருகிற சத்தம். தாழ்ப்பாள் விழுகிற சத்தம். பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டுவது. வெளியே ரயில், டிராம், எங்கோ குழந்தைகள். அவ்வப்போது துப்பாக்கிச் சத்தம், அது வந்தால் யாரையோ சுட்டுவிட்டார்கள் என்று பொருள், அதற்கு மேல் விளக்கம் கிடையாது. காவலர்களின் முகம்கூடச் சரியாகக் காட்டப்படுவதில்லை. ஜெர்மன் மொழியில் ஒரு கத்தல், ஒரு பூட்ஸ் கால், ஒரு கை, அவ்வளவுதான்.

இதனால் நடப்பது என்னவென்றால், படம் போகப்போக நமக்கும் அந்தக் காது வந்துவிடுகிறது. கடைசி அரை மணியில் கூரைமேல் அவன் சரளைக் கல்லில் கால் வைக்கும்போது, ஒரு கல் உரசினால் நமக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. ரயில் வருகிற சத்தம் கேட்டதும் "இப்போது நட, இப்போது நட" என்று மனம் சொல்கிறது. ரயில் போய்விட்டால் நின்றுவிட வேண்டும். இதை யாரும் நமக்கு வசனமாகச் சொல்லித்தரவில்லை. முதல் ஒரு மணி நேரம் சும்மா போனதாக நினைத்தோமே, அப்போது பழக்கியது.

இரண்டு மதிற்சுவருக்கு நடுவே ஒரு கிறீச், கிறீச் சத்தம் வருகிறது பாருங்கள். என்ன என்று ஃபோன்தேனுக்கும் புரியவில்லை, நமக்கும் புரியவில்லை. பிறகுதான் தெரிகிறது, ஒரு காவலன் சைக்கிளில் சுற்றிச் சுற்றி வருகிறான். எண்ணெய் போடாத சைக்கிள். திகில் படம் எடுப்பவர்கள் இருபது வயலின் வைத்துச் செய்ய முடியாததை அந்தச் சைக்கிள் செய்துவிடுகிறது.

மார்ச் 5, பின்குறிப்பு

கைப்பேசியின் ஒலிபெருக்கியில் பார்த்தேன் என்று ஒருவர் சொல்கிறார். ஐயா, அப்படியானால் நீங்கள் பாதிப் படம்தான் பார்த்திருக்கிறீர்கள். தூக்கம் வந்ததில் வியப்பில்லை.

மார்ச் 8

நடிப்பு மோசம் என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். ஃபோன்தேனாக வருபவர் பிரான்சுவா லெத்தேரியே. அப்போது பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துக்கொண்டிருந்த மாணவர், நடிகர் அல்லர். பிற்பாடு அவரே இயக்குநர் ஆகிவிட்டார். பிரெஸ்ஸோன் இதற்கு முந்தைய ஓரிரு படங்களுக்குள்ளேயே தொழில்முறை நடிகர்களை விட்டு விலகத் தொடங்கியிருந்தார். நடிக்கத் தெரியாதவர்களை அழைத்துவந்து, ஒரே வரியை மறுபடி மறுபடி சொல்லவைத்து, அவர்கள் குரலில் ஒட்டியிருக்கிற "நடிப்பு" உதிர்ந்து விழும்வரை விடமாட்டார்.

இது எல்லாப் படத்திலும் எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். அவருடைய பிற்காலப் படங்கள் சிலவற்றில் இளைஞர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசும்போது எனக்கே எழுந்து போய் அவர்கள் மோவாயைத் தூக்கிவிடலாமா என்று தோன்றும். ஆனால் இந்தக் கதைக்கு அது பொருந்துகிறது. காவலர் கதவைத் திறக்கும்போது முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பதுதான் இவன் உயிரோடு இருப்பதற்கே வழி. பென்சில் வைத்திருப்பவன் சுடப்படுவான் என்று அறிவிக்கிறார்கள். இவனிடம் பென்சில் இருக்கிறது. இவன் கொடுப்பதில்லை. அந்த நேரத்தில் ஒரு தேர்ந்த நடிகர் என்றால் கண்ணில் ஒரு மினுக்கு, தொண்டையில் ஒரு விழுங்கல் வைத்திருப்பார். காவலன் முட்டாளாக இல்லாவிட்டால் அங்கேயே கதை முடிந்தது.

பின்னணிக் குரல் விஷயத்தில் மட்டும் கேள்வி கேட்டவரோடு எனக்கும் சங்கடம் உண்டு. "கதவருகே போனேன்" என்று குரல் சொல்கிறது, படத்தில் அவன் கதவருகே போகிறான். எதற்கு இது? திரைக்கதை வகுப்பில் இப்படி எழுதினால் கிழித்துப் போடுவார்கள். இதற்கு எனக்கு இன்னும் நல்ல பதில் கிடைக்கவில்லை. யோசிக்கிறேன்.

மார்ச் 9

மரவேலை செய்கிற நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். நான் எழுதியதையெல்லாம்விட இதுதான் நல்ல விமரிசனம். சுருக்கித் தருகிறேன்:

"கதவு கருவேலம் போலக் கடினமான மரம். ஓக். அதைக் கரண்டியால் அறுத்தால் ஆயுளுக்கும் முடியாது. ஆனால் பலகைகளை இணைக்கக் காடி எடுத்து நடுவில் வைத்திருக்கிற சிம்பு வேறு, மென்மையான மரம். அவன் முதல் நாளே அதைக் கண்டுபிடித்துவிடுகிறான். பலகையைத் தொடவே இல்லை, இணைப்பை மட்டும் தாக்குகிறான். கரண்டியின் காம்பைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து உளி ஆக்குகிறான். உளியைப் பிடிக்கிற கோணம் சரியாக இருக்கிறது. சினிமாவில் உளியைச் சரியாகப் பிடித்து நான் பார்த்ததே இல்லை."

என் மனைவி இந்தப் படத்தைப் பார்த்த விதமும் இதே ரகம்தான். கலைப்படம் என்றெல்லாம் அவளுக்குக் கவலை இல்லை. "சீவல் கீழே விழுமே, வெளியே தெரியாதா?" என்றாள். அடுத்த நிமிடமே அவன் ஒரு துரும்பைக் கதவுக்கு அடியில் விட்டுச் சீவலை உள்ளே கூட்டி இழுத்துக்கொள்கிறான். "பலகை நடுவே இடுக்கு தெரியுமே?" அவன் காகிதம் வைத்து மறைக்கிறான். "கயிற்றுக்கு எங்கே போவான்?" போர்வை, மெத்தை உறை, வீட்டிலிருந்து வந்த பொட்டலத்தில் இருந்த துணி, அதோடு கட்டிலின் கம்பி வலையைப் பிரித்தெடுத்த கம்பி. "கொக்கி?" விளக்குக் கூண்டின் சட்டம். குடும்பம் நடத்துகிறவர்கள் கேட்கிற கேள்வி ஒவ்வொன்றுக்கும் படத்தில் விடை இருக்கிறது. பிரெஸ்ஸோன் பக்தர்கள் இவரைப் பற்றி ஆன்மா, அருள் என்று எழுதுகிற கட்டுரைகளில் இந்தச் சீவலும் துரும்பும் ஏன் வருவதில்லை என்பது எனக்கு நெடுநாளைய குறை.

மார்ச் 14

ஜாக் பெக்கரின் 'லெ த்ரூ' ('துளை') படத்தை இத்தோடு சேர்த்துப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னார். முன்பு பார்த்ததுதான், மறுபடி பார்த்தேன். இதுவும் பிரெஞ்சு, இதுவும் சிறை, இதுவும் உண்மைக் கதை. 1947இல் பாரிஸின் லா சாந்தே சிறையில் நடந்த முயற்சி. அதில் பங்கெடுத்த ஹோசே ஜொவான்னி நாவலாக எழுத, 1960இல் படமாக வந்தது. அதே முயற்சியில் பங்கெடுத்த இன்னொருவரான ஜான் கெரோதி படத்தில் நடித்திருக்கிறார், தொடக்கத்தில் நம்மைப் பார்த்துப் பேசுவதும் அவர்தான். பெக்கர் படம் வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன் இறந்துபோனார்.

அதில் ஒரு காட்சி. கட்டிலின் இரும்புத் துண்டால் அறையின் கான்கிரீட் தரையை உடைக்கிறார்கள். கேமரா தரையைப் பார்க்கிறது. வெட்டே இல்லை. ஒருவர் அடிக்கிறார், களைக்கிறார், அடுத்தவர் வாங்குகிறார். நிமிடக்கணக்கில் அடி, அடி, அடி. முதலில் ஒரு கீறல், பிறகு சில்லு, பிறகு குழி. அடிக்கிறவர்கள் நடிக்கவில்லை, உண்மையிலேயே உடைக்கிறார்கள். காதே வலிக்கிறது. சிறையே எழுந்துவிடுமே என்று பதறுகிறது.

இதைப் பார்த்த பிறகு பிரெஸ்ஸோனுக்குத் திரும்பினால், அவர் எவ்வளவு அவசரக்காரர் என்று தெரிகிறது! கதவுவேலை வாரக்கணக்கில் நடக்கிறது. நாம் பார்ப்பது அதில் கொஞ்சம் கொஞ்சம். கரண்டி தேய்கிறது, வெட்டு. ஒரு சீவல் விழுகிறது, வெட்டு. ஒரு பலகை கழல்கிறது, வெட்டு. துண்டு துண்டாக, பெரும்பாலும் கைக்கு நெருக்கமாக எடுத்த சின்னச் சின்ன ஷாட்டுகள். நாள்களைத் தாண்டிக் குதிக்கிறார். அந்தக் குதிப்புக்குத்தான் பின்னணிக் குரல் வேண்டியிருக்கிறது. "கதவருகே போனேன்" என்று சொல்கிற அதே குரல் அடுத்த வரியில் பல நாள்களைத் தாண்டிவிடும். கண்முன் நடப்பதும் என்றோ நடந்து முடிந்ததும் ஒரே தட்டையான குரலில் வருவதால் நமக்கு அந்தத் தாண்டல் உறைப்பதில்லை. 8ஆம் தேதிச் சங்கடத்துக்கு இது பாதி விடை.

ஆக, மெதுவான படம் என்றால் பெக்கருடையதுதான். ஆனால் அதைப் பார்த்து யாரும் தூங்குவதில்லை.

மார்ச் 15

நேற்று எழுதியதை இரவெல்லாம் மென்றுகொண்டிருந்தேன். ஓர் ஓட்டை இருக்கிறது. பிரெஸ்ஸோன் அவசரக்காரர் என்றால் ஏன் இத்தனை பேருக்கு அது மெதுவாகத் தெரிகிறது? எல்லாரும் முட்டாள்களா?

எனக்குத் தோன்றுவது இது. அவர் வேலையைத்தான் சுருக்குகிறார். வழக்கத்தைச் சுருக்குவதில்லை. காலையில் கதவு திறக்கும், மலவாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் படியிறங்குவார்கள், முற்றத்தில் கொட்டுவார்கள், தொட்டியில் முகம் கழுவுவார்கள், அந்தச் சில நிமிடங்களில் உதடு அசையாமல் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள், மேலே ஏறுவார்கள், கதவு மூடும். மறுநாள் கதவு திறக்கும். வாளி. படி. தொட்டி. இது வந்துகொண்டே இருக்கிறது. அதே கோணம், அதே வரிசை, கூட்டத்தில் மட்டும் ஒரு முகம் குறைந்திருக்கும். நாள் போவதை இந்த வாளிதான் சொல்கிறது.

இன்னொன்று. எல்லாம் தயாரான பிறகும் ஃபோன்தேன் கிளம்புவதில்லை! இதை நான் முன்பு கவனித்ததில்லை. கதவு கழன்றுவிட்டது, கயிறு இருக்கிறது, கொக்கி இருக்கிறது. தள்ளிப்போடுகிறான். மற்ற கைதிகள் நச்சரிக்கிறார்கள். எப்போது, எப்போது என்று தொட்டியருகே கேட்கிறார்கள். பொறுமை இழக்கிறார்கள். கேள்வி கேட்ட நம் வாசகர் அந்தச் சிறையிலேயே இருந்திருக்கிறார் போலும்.

மாறாக ஓர்சினி என்ற இன்னொரு கைதி. அவனுக்குப் பொறுக்கவில்லை. பகலிலேயே ஓடுகிறான். கயிறு அறுந்துவிடுகிறது, பிடிபடுகிறான், சுடப்படுகிறான்.

மார்ச் 17

"அப்படியானால் பொறுத்தார் பூமி ஆள்வார் என்பதுதான் கதையா? அதற்குப் பழமொழி போதுமே, படம் எதற்கு?" என்று ஒரு நண்பர் மடக்கியிருக்கிறார்.

மடக்கிய விதம் நன்றாக இருக்கிறது. ஆனால் படம் அப்படிச் சொல்லவில்லை. ஓர்சினி பிடிபட்டுத் திரும்பி வந்ததும் ஃபோன்தேனிடம் ஒரு தகவலைக் கொடுத்துவிட்டுத்தான் சாகிறான்: மதிலைக் கடக்கக் கொக்கி வேண்டும், விளக்குக் கூண்டில் செய்யலாம். அவன் அவசரப்பட்டு ஓடியிருக்காவிட்டால் ஃபோன்தேனின் கயிறும் மதிலில் பிடிப்பில்லாமல் தொங்கியிருக்கும். பக்கத்து அறைக் கிழவர் பிளான்ஷே இதைச் சொல்லிவிடுகிறார்: நீ வெல்ல, அவன் தோற்க வேண்டியிருந்தது. இந்தக் கிழவர்தான் முதலில் சுவரைத் தட்டினால் பதில் தட்ட மறுத்தவர், மற்றவர்களையும் மாட்டிவிடுவாய் என்று பயந்தவர். பின்னால் அவரே கயிற்றுக்காகத் தன் போர்வையைக் கொடுக்கிறார்.

பொறுமைசாலி பிழைத்தான் என்று சொல்ல வேண்டுமானால், பொறுமையில்லாதவன் செத்ததால் பிழைத்தான் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழமொழிக்குள் இது அடங்குமா தெரியவில்லை. நண்பர் முயன்று பார்க்கட்டும்.

மார்ச் 21

பேச்சு வரலாற்றுப் பக்கம் போய்விட்டது, கொஞ்சம் ஒழுங்குபடுத்துகிறேன். பலர் பலவிதமாக எழுதுகிறீர்கள்.

பிரெஸ்ஸோன் இந்தச் சிறையிலிருந்து தப்பியவர் அல்லர். தப்பியவர் ஆந்த்ரே தெவினி என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி, ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த ரகசிய எதிர்ப்பியக்கத்தில் இருந்தவர். மரண தண்டனை விதிக்கப்பட்டு, 1943 ஆகஸ்டில் லியோன் நகரின் மோன்லூக் சிறையிலிருந்து தப்பினார். அவர் எழுதிய நினைவுக் குறிப்புதான் படத்துக்கு மூலம். படப்பிடிப்பில் ஆலோசகராகவும் இருந்தார். மோன்லூக்கிலேயே படம் எடுத்தார்கள். பிரெஸ்ஸோன் தன் பங்குக்குப் போரின் தொடக்கத்தில் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக ஓராண்டுக்கு மேல் இருந்தவர். பூட்டிய அறை என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவர் இல்லை.

படத்தின் தொடக்கத்தில் ஒரு நினைவுப் பலகை வருகிறது: இங்கே 10,000 பேர் துன்புற்றார்கள், 7,000 பேர் மாண்டார்கள். எதிர்ப்பியக்கத் தலைவர் ஜான் மூலன் 1943இல் இங்கே இருந்தார். வரலாற்றாசிரியர் மார்க் பிளோக்கை 1944இல் இங்கிருந்துதான் கொண்டுபோய்ச் சுட்டார்கள். லியோனில் நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோவை நடத்திய கிளாவ்ஸ் பார்பியை நாற்பது ஆண்டு கழித்து, 1983இல், பொலிவியாவிலிருந்து கொண்டுவந்தபோது முதலில் அடைத்ததும் இதே மோன்லூக்கில்தான். சிறை 2009இல் மூடப்பட்டு, இப்போது நினைவிடமாக இருக்கிறது.

இத்தனை எண்ணிக்கைக்கு நடுவே தப்பிய ஒருவனின் கதை இது. படம் அந்தப் பலகைக்குப் பிறகு எண்ணிக்கை எதையும் சொல்வதில்லை. துப்பாக்கிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

மார்ச் 22

இசை. மோட்ஸார்ட்டின் சி மைனர் திருப்பலி இசையை இடையிடையே வைத்திருக்கிறார். பெரும்பாலும் எங்கே வருகிறது தெரியுமா? மலவாளி கொட்டுகிற முற்றத்தில். முதல்முறை கேட்டபோது இது என்ன பகட்டு என்று எரிச்சல் வந்தது. இப்போது எரிச்சல் குறைந்திருக்கிறது, போகவில்லை. அந்தச் சைக்கிள் இருக்கும்போது மோட்ஸார்ட் எதற்கு? பிரெஸ்ஸோனே 1975இல் வெளியிட்ட குறிப்புப் புத்தகத்தில், துணைக்கும் தூக்கிவிடவும் இசை வேண்டாம் என்கிறார். அவருடைய கடைசிப் படத்தில் ஒரு கிழவர் பியானோ வாசிப்பதைத் தவிர இசை கிடையாது. ஆக, என் எரிச்சலுக்கு நல்ல இடத்திலிருந்து ஆதரவு இருக்கிறது.

திருச்சபைப் பாடல் ஆசிரியர் ஒருவர் இதற்குக் கோபித்துக்கொண்டு நீளமாக எழுதியிருக்கிறார். அந்த இசையில் வருகிற "கீரியே" என்றால் ஆண்டவரே இரங்கும் என்ற மன்றாட்டு, அதைக் கைதிகள் கழிவு சுமக்கிற இடத்தில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது என்கிறார். இதற்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை. எரிச்சல் மட்டும் இருக்கிறது.

மார்ச் 30

ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டவருக்கு: பாருங்கள். காவலர் வருவதற்குள் கதவை முடித்துவிடுவான், உங்களுக்கும் நல்லது.

ஏப்ரல் 6

முதல் கேள்வியைக் கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு முழுதாகப் பார்த்தாராம். "முதல் அரை மணி இப்போதும் இழுவைதான். ஆனால் கடைசிப் பகுதியில் எழுந்து நின்றுவிட்டேன்" என்கிறார். போதும், இதற்கு மேல் நான் அவரை மதம் மாற்றப் போவதில்லை.

ஆனால் புதிதாக ஒரு சண்டை கொண்டுவந்திருக்கிறார். ஜோஸ்ட் விஷயம். பார்க்காதவர்களுக்கு: ஃபோன்தேனுக்கு மரண தண்டனை உறுதியாகி அறைக்குத் திரும்பிய கையோடு, அவன் அறைக்குள் பதினாறு வயதுப் பையன் ஒருவனைத் தள்ளுகிறார்கள். உடம்பில் பாதி ஜெர்மன் சீருடை, பாதி பிரெஞ்சு உடை. அழுக்கு. ஒற்றனாக இருக்கலாம். கதவு கழன்றிருப்பது அவன் கண்ணில் பட்டே தீரும். இனித் தள்ளிப்போட நேரமில்லை. ஒன்று அவனைக் கொல்ல வேண்டும், அல்லது கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

நம் வாசகர் சொல்கிறார்: "இத்தனை வாரம் ஒரு சீவலைக்கூட விட்டுவைக்காத கவனக்காரன், ஒரே நாளில் ஒரு சந்தேகத்துக்குரிய பையனை எப்படி நம்பினான்? இது திரைக்கதையின் பலவீனம். நம்புகிற மாதிரி ஒரு காரணமும் காட்டப்படவில்லை."

காரணம் காட்டப்படவில்லை என்பது உண்மை. பேச்சுக் கொடுக்கிறான், கேள்வி கேட்கிறான், பையனின் பதில்கள் அரைகுறையாக இருக்கின்றன. அந்தப் பதில்களை வைத்து நானாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் இதைப் பலவீனம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. கதவுக்கு ஆராய்ச்சி செய்யலாம், எந்த மரம் கடினம், எந்த இணைப்பு மென்மை என்று. பையனைச் சுரண்டிப் பார்க்க முடியாது. அவன் திறமை முழுவதும் பொருள்களோடு. முதன்முதலாக ஒரு பொருள் அல்லாத ஒன்று அறைக்குள் வந்திருக்கிறது, அதுவும் ஓர் இரவுக் கெடுவோடு. தேர்ந்தெடுக்கிறான். சரியாக இருந்துவிடுகிறது. தவறாகவும் இருந்திருக்கலாம் என்ற பயம் எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது. தலைப்பு எனக்கு உத்தரவாதம் கொடுத்தும் வருகிறது.

இன்னொன்றும் பாருங்கள். வழியில் காவலன் ஒருவனை ஃபோன்தேன் கொல்ல வேண்டியிருக்கிறது. அப்போதும் கேமரா சுவருக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது, காருக்குள் இருந்துவிட்டதைப் போலவே. கொலை நமக்குக் காட்டப்படுவதில்லை, ரயில் சத்தம்தான் வருகிறது. முந்தின நாள் இதே கைதான் ஜோஸ்டைக் கொல்லலாமா என்று யோசித்தது. பிறகு ஒரு சுவர் வருகிறது. தனியாக ஏற முடியாத சுவர். ஜோஸ்ட் தோள் கொடுக்கிறான். தனியாக வந்திருந்தால் இங்கேயே நின்றுபோயிருப்பேன் என்று அந்தத் தட்டையான குரல் சொல்கிறது. பையனைக் கொன்றுவிட்டுக் கிளம்பியிருந்தால், கயிறு, கொக்கி, கதவு எல்லாம் சரியாக இருந்தும், அந்தச் சுவரடியில் பிடிபட்டிருப்பான். நம் வாசகர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஏப்ரல் 7

பதில் வந்துவிட்டது: "அது அவனுக்கு முன்கூட்டியே தெரியாதே. தற்செயல்தானே?"

ஆம், தற்செயல். மறுக்கவில்லை. படத்துக்கு ஓர் இரண்டாம் தலைப்பு உண்டு, யோவான் நற்செய்தியிலிருந்து எடுத்தது: காற்று தான் விரும்பும் இடத்தில் வீசும். பக்தர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். நான் துரும்பையும் சீவலையும் பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் தற்செயலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

'லெ த்ரூ' முடிவைக் கேட்டு எழுதுகிறவர்களுக்கு: சொல்ல மாட்டேன். அந்தத் தலைப்பு எதையும் உளறவில்லை, நானும் உளறப் போவதில்லை. கான்கிரீட் உடைக்கும் காட்சியில் ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். என் வீட்டில் தட்டினார்.